பிள்ளைகளோடு தீம் பார்க்: திருப்பூர், கோவைப் பக்கத்து அப்பாக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாற்பது நிமிடம் வரிசையில் நின்று ஏறும் இடத்துக்கு வந்தபோது, அங்கே இருந்த பையன் என் மகனை ஒரு அளவுகோலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "சார், தம்பிக்கு உயரம் பத்தாதுங்க" என்றான். கோடு 120 செ.மீ.யில் இருந்தது. சின்னவன் 116. வீட்டில் அளந்தபோது 120 வந்ததே என்று குழம்பினேன், அப்புறம்தான் உறைத்தது, அன்றைக்கு அவன் ஷூ போட்டுக்கொண்டு நின்றான். அவன் அழவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு, குதிகாலை மெல்லத் தூக்கிப் பார்த்தான். அக்கா மட்டும் உள்ளே போக, நானும் அவனும் வந்த வழியே கயிற்றைத் தாண்டித் தாண்டித் திரும்பினோம்.

அதற்குப் பிறகு மூன்று தடவை குடும்பத்தோடு போய் வந்துவிட்டோம், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று தெரிந்துகொண்டோம். எனக்குத் திருப்பூரில் எட்டு பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) போட்ட சின்ன பனியன் யூனிட். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்தால்தான் எனக்கு வாரம் முடியும். அப்பாவின் வேலை என்றால் டிக்கெட் எடுப்பது, வண்டி ஓட்டுவது, இந்த இரண்டும்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். துணி, மாத்திரை, சாப்பாடு, எந்தப் பிள்ளைக்கு எது பயம், எவனுக்கு எத்தனை மணிக்குத் தூக்கம் வரும், இதெல்லாம் மனைவி தலையில். அப்படிப் போனால் அவருக்கு அது விடுமுறையே இல்லை, வேறு ஊரில் அதே வேலை. அதனால் கீழே எழுதியிருப்பதை அம்மாவிடம் தள்ளாமல் அப்பாவே தொடக்கத்திலிருந்து கடைசி வரை எடுத்துச் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை: சுவரில் அளப்பது

எந்த ஊர், எந்தப் பூங்கா என்று போனில் தேடுவதற்கு முன்னால் பிள்ளைகளை வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். குதிகால் சுவரைத் தொட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும், தலைமேல் ஒரு கெட்டி அட்டை நோட்டைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பெண் பிள்ளைக்குக் கொண்டையையோ ஜடையையோ அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும். அளந்ததைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யும். பெரிய ரைடுகளில் பிடித்து நிறுத்தும் இரும்புத் தண்டும் தோள் பூட்டும் ஓர் அளவு உடம்புக்குத்தான் பொருந்தும், சின்ன உடம்பு அதற்கடியில் நழுவும். அதனால்தான் 120, 130, 140 என்று கோடு போட்டிருக்கிறார்கள், அங்கே கெஞ்சுவதிலோ சண்டை போடுவதிலோ ஒரு பயனும் இல்லை, கெஞ்சவும் கூடாது. டிக்கெட்டுக்கும் பல இடங்களில் உயரம்தான் கணக்கு. வொண்டர்லா தீம் பார்க்கில் 85 செ.மீ.க்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் இல்லை, 140 தாண்டினால் பெரியவர் டிக்கெட். வயது பத்துதான் ஆகிறது என்று சொன்னால் எடுபடாது.

பூங்காவின் தளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் எத்தனை உயரம் என்று போட்டிருப்பார்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: இருவரும் ஏறலாம், பெரியவள் மட்டும், யாரும் வேண்டாம். "இருவரும் ஏறலாம்" பத்தியில் எட்டு, பத்து ரைடாவது இல்லையென்றால் அந்தப் பூங்காவை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். குடும்பத்தில் இருப்பதிலேயே சின்ன பிள்ளைக்கு எந்த இடம் தோதோ அதுதான் இந்த வருடத்து இடம். நான் இப்போது இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம் அந்தத் தாளைப் பிள்ளைகளிடம் காட்டி, ஏற முடியாததை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஏமாற்றம் வீட்டுத் திண்ணையில் வந்தால் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும், அங்கே வரிசையின் கடைசியில் வந்தால் அன்றைய நாளே கெட்டுப்போகும்.

எங்கே போவது

நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வசதி என்னவென்றால், எட்டு மணிக்குக் கிளம்பினாலும் போதும் என்ற தூரத்தில் சில இடங்கள் இருக்கின்றன. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் பயணம் அங்கேதான் இருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டில் மலையடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர் பெரும்பாலும் தண்ணீர் விளையாட்டுதான். திருப்பூரிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாகப் போனால் சுமார் 60 கி.மீ., கோவைக்குள் நுழையவே வேண்டாம். மே மாதச் சனி, ஞாயிறில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஊட்டி போகும் வண்டியெல்லாம் மேட்டுப்பாளையத்தில் வந்து முட்டி நிற்கும். அப்படியே மலையேறி ஊட்டியையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தால், 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஆனால் என் பேச்சைக் கேட்டால் இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். நாளெல்லாம் தண்ணீரில் ஆடிய பிள்ளை கொண்டை ஊசி வளைவில் தாங்காது.

சிறுவாணி ரோட்டில் கோவைக் கொண்டாட்டம் இருக்கிறது, பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போய் மாலையில் பேரூர்க் கோயிலுக்கும் போய்வரலாம். வாளையாறு தாண்டினால் மலம்புழா, அணைக்கட்டுக்குப் பக்கத்திலேயே ஃபேன்டஸி பார்க், அணைத் தோட்டம், ரோப் கார். பத்துப் பேர் கொண்ட கூட்டுக் குடும்பமாகப் போனால் எனக்கு மலம்புழாதான் பிடிக்கும், ரைடு வேண்டாதவர்கள் தோட்டத்தில் காலாறலாம்.

அடுத்த சுற்று கொச்சி. பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லா 2000-இல் வீகாலாந்து என்ற பெயரில் திறந்தது, என் வயதுக்காரர்கள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போனவர்கள்தான், இன்னமும் வாயில் அந்தப் பழைய பெயர்தான் வரும். திருப்பூரிலிருந்து 200 கி.மீ. தாண்டும். பிடதியில் இருக்கும் பெங்களூரு வொண்டர்லா 2005-இல் வந்தது, நமக்கு 300 கி.மீ.க்கு மேல். சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் இன்னொன்று திறந்திருக்கிறார்கள். சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகச் செங்கல்பட்டு வந்து அங்கேயே திரும்பிவிடலாம், சென்னைக்குள் போக வேண்டியதில்லை என்றாலும் தூரம் தூரம்தான், இரண்டு இரவு ஒதுக்காமல் போகாதீர்கள்.

எந்த நாள் என்பதில்தான் சூட்சுமம்

டிக்கெட் விலையில் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க மணிக்கணக்கில் தேடுகிறோம், தேதியை மட்டும் "பசங்களுக்கு லீவு விட்டா போலாம்" என்று விட்டுவிடுகிறோம். தவறான நாளில் ஐந்து ரைடு ஏறுவதும் சரியான நாளில் பதினைந்து ரைடு ஏறுவதும் ஒரே டிக்கெட்டில்தான்.

மே மாதம் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகம் மூன்றுக்கும் விடுமுறை. எங்கே போனாலும் கூட்டம், கூடவே வெயில். முடிந்தவரை மேயை விட்டுவிடுங்கள். நம் பள்ளிக்கு விடுமுறை, பக்கத்து மாநிலத்துக்கு வேலை நாள், இப்படி ஒரு நாள் கிடைக்கிறதா என்று பாருங்கள், அதுதான் தங்கமான நாள்.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையில் கர்நாடகத்துப் பள்ளிகளுக்கும் தசரா விடுமுறை விழும், பிடதி நிரம்பி வழியும். கேரளத்தில் அப்போது பூஜை நாட்களுக்கு மட்டும்தான் விடுமுறை, பெரிய விடுமுறை அவர்களுக்கு ஓணத்துக்கே முடிந்திருக்கும். ஆகவே காலாண்டுக்கு கொச்சிப் பக்கம், ஆயுத பூஜையும் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் போக மீதியில் ஒரு செவ்வாய், புதன். மழை அந்தச் சமயம் ஜூன், ஜூலை அளவுக்கு இருக்காது, ஆனாலும் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரலாம், மின்னல் என்றால் ரைடை நிறுத்திவிடுவார்கள். அதனால் உயரமான ரைடையெல்லாம் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

ஜூன் தொடக்கத்தில் இதையே தலைகீழாகப் போடலாம். கர்நாடகத்தில் மே கடைசியிலேயே பள்ளி திறந்துவிடும். நமக்கு 2023-இல் ஜூன் 12 வரையும், 2024-இல் ஜூன் 10 வரையும் தள்ளிப்போனது. அந்த மாதிரி வருடத்தில் ஜூன் முதல் வார வேலை நாளில் பிடதி காலியாகக் கிடக்கும். அதே வாரம் கேரளாவில் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும், அங்கே போகாதீர்கள்.

அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸோடு வருவதால் எல்லோருக்கும் ஒன்றாக விழுகிறது. பொங்கல் சமயத்தில் கேரளாவில் பாலக்காடு மாதிரி சில மாவட்டங்கள் தவிர வேலை நாள்தான், ஆனால் மகரவிளக்கு வரைக்கும் பாலக்காட்டு ரோட்டில் சபரிமலை வண்டிகள், போதாததற்கு நம் ஊர் ஆட்களே பாதிப் பேர் மலம்புழாவுக்கும் கொச்சிக்கும் கிளம்பிவிடுவார்கள். மாடு வைத்திருப்பவர்களுக்குப் பட்டிப் பொங்கலைவிட்டு நகரவும் முடியாது. தோட்டத்தில் குடியிருப்பவர்கள் எந்த நாளாக இருந்தாலும் கறவைக்கும் தண்ணி காட்டவும் ஆள் சொல்லிவிட்டுத்தான் தேதியையே முடிவு செய்ய வேண்டும், பாதி வழியில் "மாடு கறக்க விடமாட்டேங்குதுங்க" என்று போன் வந்தால் மனசு அங்கேதான் நிற்கும்.

வேலை நாளில் பிள்ளைக்கு ஒரு நாள் லீவு போட்டாலும் தப்பில்லை என்பது என் கருத்து. பரீட்சை இல்லாத வாரமாகப் பார்த்து, வகுப்பு ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பிள்ளையையும் அதில் சேர்க்காதீர்கள்.

பணம்

என் கணக்கு நோட்டில் டிக்கெட் தொகை மொத்தச் செலவில் பாதிகூட வந்ததில்லை. லாக்கர் வாடகை, வண்டி நிறுத்தும் கட்டணம், உள்ளே சாப்பாடு, ஐஸ்கிரீம், நைலான் துணி, டோல், டீசல், அறை, வழியில் டீ பன், கடைசியில் வாசலில் தொங்கும் போட்டோ. இதையெல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதிக் கூட்டுங்கள், கூட்டியதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கையில் இருக்கட்டும். கடன் அட்டையில் தேய்த்துவிட்டு மூன்று மாதம் கட்டுவதை நான் செய்வதில்லை. தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த வாரத்திலிருந்து சனிக்கிழமை தோறும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கிறேன், ஆறு மாதத்தில் சேர்ந்துவிடுகிறது. எங்கள் சின்னவன் அதற்கென்று ஒரு டப்பாவில் துளை போட்டுத் தன் பங்குக்கு ஐந்து, பத்து ரூபாய்க் காசு போடுகிறான்.

டிக்கெட்டை எப்போதும் பூங்காவின் சொந்தத் தளத்தில் முன்கூட்டியே எடுங்கள், வாசலில் எடுப்பதைவிடக் குறைவாக இருக்கும். முதியவர்களுக்கும், அடையாள அட்டை வைத்திருக்கும் மாணவர்களுக்கும் பல இடங்களில் சலுகை உண்டு, அசல் அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். தேதியை மாற்ற முடியுமா என்று பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட் விலை கூடுதல். வேலை நாளில் போனால் அதற்கு அவசியமே வராது.

போய்ச் சேருவது, இரவு தங்குவது

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, கொச்சியில் நாளெல்லாம் ஆடிவிட்டு, அன்று இரவே ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள். தண்ணீரில் ஆறு மணி நேரம் கிடந்த உடம்புக்கு, சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் சொக்கும். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கும், பக்கத்தில் மனைவியும் தூங்குவார், விழித்திருப்பது நீங்கள் ஒருவர்தான், அந்த நேரத்தில் மதுக்கரை நீலாம்பூர் பைபாஸின் குறுகிய இரண்டு வழிப் பாதையில் எதிரே லாரி விளக்கு. அறை வாடகைக்குப் பார்த்து உயிரோடு விளையாட வேண்டாம். முடியாது என்றால் ஓட்டுநர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், அவருக்குப் பகலில் தூங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்யுங்கள்.

கொச்சிக்கு என் வழி இது. முதல் நாள் மதியம் கிளம்பி, பாலக்காடு தாண்டி வரும் குதிரான் சுரங்கத்தைப் பகலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டி, இரவு பூங்காவுக்குப் பக்கத்தில் தங்கிவிடுவேன். காலையில் நிதானமாக எழுந்து போனால் வாசல் திறக்கும்போது நாம் முதல் ஆள். பூங்காக்கள் பெரும்பாலும் பத்தரை, பதினோரு மணிக்குத்தான் திறக்கின்றன, அதனால் அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை. பிடதிக்குப் போகிறவர்கள் ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் நைஸ் ரோடு பிடித்து மைசூர் ரோட்டுக்குப் போய்விடுங்கள், பெங்களூரு ஊருக்குள் நுழைந்தால் அரை நாள் அங்கேயே போகும்.

ரயில் என்றால் இன்னும் சுகம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, முன்பு போல் 120 நாள் இல்லை, 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழே தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். கோவை பெங்களூரு வந்தே பாரத் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நிற்கிறது.

துணி: பனியன் ஊர்க்காரன் சொல்கிறேன்

வருடம் முழுக்கக் காட்டன் பனியன் தைக்கிற நான்தான் சொல்கிறேன், தண்ணீர் விளையாட்டுக்குக் காட்டன் ஆகாது. வாசலில் நிறுத்தி நைலான் துணி வாங்கச் சொல்லும்போது, "இது வியாபாரத்துக்காகச் சொல்றாங்க" என்று பலர் கோபப்படுகிறார்கள். காட்டன் நூலிலிருந்து பிசிறு உதிரும், ஆயிரம் பேர் இறங்கினால் அந்தப் பிசிறு எல்லாம் வடிகட்டியில் போய் அடையும். டார்க் கலர் காட்டனில் சாயமும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இதைவிட முக்கியம், காட்டன் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டித் தொங்கும், சின்ன பிள்ளைக்கு அந்த எடையோடு தண்ணீரில் நகரவே சிரமம், வெளியே வந்தால் காயவும் காயாது, குளிரில் உதடு நடுங்கும். பாலியெஸ்டர், நைலான் துணிகளில் இந்தத் தொல்லை இல்லை. வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம். திருப்பூர் காதர்பேட்டைத் துணிக் கடைகளில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் அருமையான பாலியெஸ்டர் டீ-சர்ட் கிடைக்கிறது. பட்டன், ஜிப், உலோகக் கொக்கி இருக்கும் எதுவும் சறுக்குகளில் விடமாட்டார்கள், பார்த்து எடுங்கள்.

நிறம் ஆரஞ்சோ பளிச்சென்ற மஞ்சள் பச்சையோ இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்கடியில் கண்ணுக்கே தெரியாது. குடும்பத்துக்கே ஒரே நிறம் போட்டால் கூட்டத்தில் தேடுவது சுலபம்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் நான் செய்வது. கம்பெனியில் மிச்சம் விழும் சாட்டின் லேபிள் டேப்பில் என் போன் நம்பரையும் மனைவி நம்பரையும் அழியாத மார்க்கர் பேனாவால் எழுதி, வாஷ்கேர் லேபிள் வைக்கிற மாதிரி டீ-சர்ட்டின் சைடு தையலுக்கு உள்பக்கம் வைத்துத் தைத்துவிடுவேன். வெளியே பெயர் எழுதாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெரியாதவர் பின்னாலும் குழந்தை போகும். தொலைந்தால் யூனிஃபார்ம் போட்ட ஆளிடம் போய் லேபிளைக் காட்டு என்று சொல்லி, வீட்டிலேயே இரண்டு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் சின்னவன் அப்பத்தாளிடம் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டி ஒத்திகை பார்த்தான்.

கொலுசு, செயின், கம்மல், வெள்ளி அரைஞாண், எல்லாவற்றையும் முதல் நாள் இரவே கழற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள். ஜொலிக்கிற கொலுசு சறுக்கில் மாட்டினால் கால் போகும். தாலிக்கொடியை அங்கே போய் எங்கே வைப்பது என்று பெண்கள் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன், என் மனைவி வீட்டிலேயே மாற்றி மஞ்சள் கயிற்றோடு வந்துவிடுவார். மூக்குக் கண்ணாடி போடும் பிள்ளைக்குப் பின்னால் கட்டும் எலாஸ்டிக் பட்டை.

பையில் வேறு என்ன? ஆளுக்கொரு மாற்று உடுப்பு, இரண்டு துண்டு, ஈரத்துணிக்குப் பெரிய பாலிதீன் கவர், செருப்பு, வெயில் கிரீம், பிளாஸ்திரி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. தலைசுற்றல், வாந்தி வருகிற பிள்ளை என்றால் முன்பே மருத்துவரிடம் காட்டி எடைக்குத் தகுந்த மாத்திரை எழுதி வாங்குங்கள், தெரிந்தவர் கொடுத்ததைக் கொடுக்காதீர்கள். இதய நோய், முதுகுவலி, கர்ப்பம் இருப்பவர்கள் பெரிய ரைடில் ஏறவே கூடாது.

கட்டுச்சோறு

பெரிய பூங்காக்களில் வெளிச் சாப்பாடு உள்ளே விடுவதில்லை, கைக்குழந்தைக்கான உணவும் மருந்தும் தவிர. அதற்காகக் கட்டுச்சோற்றை விட்டுவிட வேண்டாம். அம்மா கட்டிக் கொடுக்கும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் போகிற வழிக்கு. காலையில் உள்ளே நுழைவதற்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு இட்லி, வாழைப்பழம், அவ்வளவு போதும், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குப் போனால் கூட்டம் நெரியும், பன்னிரண்டு மணிக்கே முடித்துவிடுங்கள். சாப்பிட்டதும் சுற்றுகிற எதிலும் ஏறாமல் முக்கால் மணி நேரம் நிழலில் உட்காருங்கள். அப்பத்தாளுக்கு அன்றைய நாளில் மிகவும் பிடித்தது அந்த நேரம்தான், பேத்தி தலையைத் துவட்டிக்கொண்டே ஒவ்வொரு ரைடாகக் கதை கேட்டார்.

அந்த நாள்

உள்ளே போனதும் கூட்டம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ரைடில் போய் நிற்கும். நீங்கள் நேரே கடைசிக்கு நடந்து, அங்கிருந்து முன்னால் வாருங்கள். தண்ணீர் விளையாட்டுக்குத் தனி நேரம் வைத்திருப்பார்கள், வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் உலர்ந்த ரைடுகள், சாப்பாடு, அப்புறம் தண்ணீர். ஈரத்தோடு திரும்ப மேலே வந்து வரிசையில் நிற்பது பிள்ளைகளுக்கு நரகம்.

பெரியவள் ஏறும் ரைடுக்கு ஒருவர் போனால் மற்றவர் சின்னவனோடு, அடுத்ததற்கு மாறிக்கொள்ளுங்கள். எல்லா ரைடுக்கும் அப்பாவே போய், அம்மா பையைக் காவல் காக்கிற வழக்கம் வேண்டாம். பை லாக்கரில் இருக்கட்டும். போனும் அங்கேயே இருக்கட்டும். யூனிட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் மதியம் ஒரு தடவை நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தால் போதும், ஒரு நாளில் ஷிப்மென்ட் ஒன்றும் கெட்டுப்போகாது.

அலைக் குளத்தில் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் உள்ளே போகும். டியூப் இருக்கிறது, விசில் வைத்துக்கொண்டு ஆள் நிற்கிறார் என்று திரும்பி நிற்காதீர்கள்.

பயப்படும் பிள்ளையைப் பற்றி. போன தடவை உயரமான சறுக்கில் என் மகள் ஆசையாக ஏறினாள், எழுபது, எண்பது படி. மேலே போய், முன்னால் நின்ற பெண் குழாய்க்குள் போய் மறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஜில்லென்று இருந்தது. "அப்பா, கீழ போயிடலாமுங்களா?" என்றாள். பின்னால் ஐம்பது பேர், ஒருவர், "ஒண்ணும் ஆகாது பாப்பா, தள்ளிவிடுங்க சார்" என்றார். நான், "போலாம் கண்ணு" என்று சொல்லி, "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுக்கேட்டு அத்தனை படியும் இறங்கினோம். கீழே வந்து அவள் ஒன்றும் பேசவில்லை. அரைமணி கழித்துச் சின்னச் சறுக்கில் நாலு தடவை போனாள், சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அவளாகவே, "அந்தப் பெருசுக்கு ஒருவாட்டி போலாமாப்பா" என்று கேட்டாள். போனோம். கேட்காமலே இருந்திருந்தாலும் நான் அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டேன். தள்ளிவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வருடமும் உங்களை நம்பிப் படி ஏறாது.

கிளம்புவது, வந்த பிறகு

மூடும் நேரம் வரை இருக்காதீர்கள், உடை மாற்றும் அறையிலும் லாக்கரிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் மொத்தக் கூட்டமும் ஒன்றாக வரும். முக்கால் மணி முன்பே கிளம்பி, நல்ல தண்ணீரில் குளித்து, காதைத் துடைத்து, காய்ந்த துணி போட்டு, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். அடுத்த நாளைப் பள்ளி நாளாக வைக்காதீர்கள்.

வீடு வந்ததும் நீச்சல் துணிகளை முதலில் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், குளோரின் தங்கினால் எலாஸ்டிக் நைந்துவிடும். இரண்டு நாளில் காதுவலி, கண் சிவப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அன்று இரவே, மறப்பதற்குள், எந்த ரைடுக்கு எத்தனை நிமிடம் நின்றோம், எதில் எவ்வளவு செலவானது, எந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருந்தது, எதை எடுத்துப் போக மறந்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் இப்போது பதினோரு பக்கம் இருக்கிறது. போன மாதம் என் மச்சான் பிள்ளைகளைக் கூட்டிப் போகக் கேட்டு வாங்கிப் போனார், திருப்பிக் கொடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இரண்டு வரி சேர்ந்திருந்தது: புதன்கிழமை போனோம், ஏழு நிமிடத்துக்கு மேல் எங்கும் நிற்கவில்லை. துண்டு இன்னும் ரெண்டு வேணும்.